மாரிக்கு முன் ஆயத்தம்: வன்னியில் ஒரு வீட்டைச் சூறாவளிக் காலத்துக்குத் தயார்ப்படுத்தும் முழுமையான வழிகாட்டி

வங்காள விரிகுடாவில் சூறாவளிகள் உருவாகும் காலம் ஆண்டில் இரண்டு முறை வருகிறது. சித்திரை, வைகாசியில் உருவாகுபவை பெரும்பாலும் வடக்கு நோக்கிப் போய்விடுகின்றன. இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்கு உரியது ஐப்பசியிலிருந்து மார்கழி வரையான இரண்டாவது காலம். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ச் சூறாவளி வட இலங்கையைக் கடந்தே அங்கு போய்ச் சேர்ந்தது. 2000 டிசம்பரில் ஒன்று கிழக்குக் கரையில் ஏறித் தீவைக் குறுக்கே கடந்தது. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி, திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறி மன்னார்ப் பக்கமாக வெளியேறியது. ஆகவே கூரை, மரம், வாய்க்கால் ஆகிய பெரிய வேலைகள் எல்லாம் சோளகம் எனும் தென்மேற்குக் காற்று ஓய்ந்து மழை பிடிப்பதற்கு முன்னரே, அதாவது புரட்டாதி முடிவதற்குள் முடிந்திருக்க வேண்டும்.

சூறாவளி எங்கே கரையேறும் என்பதை மட்டும் பார்த்து, "இது எங்களுக்கு இல்லை" என்று இருந்துவிடுவதே வன்னியில் அதிகம் இழப்பைத் தரும் பழக்கம். 2008 நவம்பரில் வந்த நிஷா, காற்றின் வேகத்தால் பெயர் பெற்ற சூறாவளி அல்ல. அது கொட்டிய மழைதான் வடக்கை மூழ்கடித்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் கரையேறிய இடம் தமிழ்நாட்டின் மாமல்லபுரம் அருகே; ஆயினும் அதன் குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் திறந்தவெளியில் விறைத்துச் செத்தன. இந்தக் காரணத்தால் இங்கே வீட்டு ஆயத்தத்தின் வரிசை முதலில் வெள்ளம், அடுத்துக் காற்று, அதன் பின் குளிர் என்று இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கடற்கரையோரக் கிராமங்கள் மட்டும் முதலிரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும்.

முதலாவது படி: உங்கள் வளவு எந்த நீரின் வழியில் இருக்கிறது என்று அறிதல்

வன்னி தட்டையான நிலம். இங்கே வெள்ளம் மலைநாட்டைப் போலப் பாய்ந்து வருவதில்லை. பரவி ஏறும், மெதுவாக வடியும். அது எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, உங்கள் வீட்டுக்கு மேலே எந்தக் குளம் இருக்கிறது, அது நிறைந்து வான் பாய்ந்தால் (வழிந்தால்) நீர் எந்த வாய்க்காலால் எந்த வயல்வெளிக்கு இறங்கும், அந்த வயல்வெளி நிறைந்த பின் எந்த வீதியைக் கடக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேட வேண்டும். ஊரில் நீண்டகாலம் கமம் செய்தவர்கள் இதை மாரிக்கு மாரி பார்த்தவர்கள். அவர்களில் ஒருவரை அழைத்துக்கொண்டு வரண்ட காலத்தில் அந்த வழியை ஒருமுறை நடந்து பார்ப்பது எந்த வரைபடத்தை விடவும் பயன் தரும்.

கிளிநொச்சியை எடுத்துக்கொள்வோம். வவுனியா மாவட்டத்தின் வடக்குப் பகுதியில் பெய்யும் மழை கனகராயன் ஆறு வழியாக இரணைமடுக் குளத்துக்கு வருகிறது. குளத்தின் முழுக் கொள்ளளவு மட்டம் 36 அடி. அது நிறைந்து வான்கதவுகள் திறக்கப்படும்போது, நீர் பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளைப் பக்கமாக இறங்கிச் சுண்டிக்குளம் நீரேரியை நோக்கிச் செல்கிறது. 2018 டிசம்பர் 21, 22 ஆம் திகதிகளில் நடந்தது இதுதான். முற்றத்தில் மழை விட்டிருப்பதைப் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது. ஓமந்தைப் பக்கம் முதல்நாள் கொட்டிய மழை உங்கள் படலைக்கு மறுநாள்தான் வரும். மன்னாரில் அருவியாற்றங்கரையில் இருப்பவர்களும் அப்படியே: அனுராதபுரப் பக்கம் பெய்த மழையே அங்கே நானாட்டான் வயல்களில் ஏறுகிறது. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன், தண்ணிமுறிப்பு என்று ஒவ்வொரு குளத்தின் கீழும் இதே கணக்கு உண்டு. சிறு குளங்கள் தொடராக அமைந்த இடங்களில் மேலே ஒன்று உடைத்தால் கீழே உள்ளதும் தாங்காது என்பதால், பெரிய குளத்தின் மட்டத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது போதாது. மேலே உள்ள சின்னக் குளத்தின் கட்டு எப்படி இருக்கிறது என்பதைக் கமக்காரர் அமைப்பிடம் கேளுங்கள்.

இந்த நடையின்போதே வெளியேறும் வழியையும் தீர்மானியுங்கள். பொதுவாக இங்கே மேட்டு நிலத்தில் இருப்பவை பாடசாலை, கோவில், தேவாலயம் ஆகியவையே. ஆனால் உங்கள் கிராமத்துக்கு ஒதுக்கப்பட்ட பாதுகாப்பு இடம் எது என்பதைக் கிராம அலுவலரிடமே கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். அங்கு போகும் பாதை தாழ்பாலம் ஒன்றைக் கடக்கிறதா என்று பாருங்கள். கடக்கிறது என்றால், நீர் ஏறுவதற்கு முன் போக வேண்டிய வீடு உங்களுடையது. அயலவர் போகும்வரை காத்திருக்கும் வசதி உங்களுக்கு இல்லை. வட்டுவாகல் போன்ற தாழ்ந்த பாலங்களைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய குடும்பங்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

வளவுக்குள் செய்ய வேண்டியது சிறிது: வீட்டைச் சுற்றிய நீரோட்டக் கான்களைத் துப்புரவாக்கி, அவை வெளியே போய்ச் சேரும் மதகில் பொலித்தீனும் மண்ணும் அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மதகு பொது வீதியில் இருந்தால் பிரதேச சபைக்கு எழுத்தில் அறிவியுங்கள். அதை அடைத்து மதில் கட்டியவர் சொந்தக்காரராக இருந்தாலும், அந்தக் கதையைப் புரட்டாதியில் பேசி முடித்துவிடுவது கார்த்திகையில் சண்டை பிடிப்பதிலும் நல்லது.

இரண்டாவது படி: கூரை

காற்று கூரையை மேலிருந்து அழுத்தி உடைப்பதில்லை. கீழிருந்து தூக்கி உரிக்கிறது. அந்தத் தூக்குவிசை மிக அதிகமாக இருப்பது தாழ்வாரத்தின் ஓரங்களிலும், முகட்டிலும், மூலைகளிலும்தான். எனவே கைவசம் பணம் குறைவாக இருந்தால், கூரை முழுவதையும் திருத்த முயலாமல் இந்த இடங்களுக்கு முதலில் செலவழியுங்கள்.

தகரக் கூரையானால், ஏணி வைத்து ஏறி ஓரத்து வரிசையில் உள்ள ஆணிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆணி அடித்த துளை நீள்வட்டமாக விரிந்திருந்தால், ஆணியைச் சுற்றித் துருவின் சிவப்பு வளையம் படிந்திருந்தால், விரலால் தகரத்தைத் தூக்கும்போது அது ஆணித்தலையைத் தாண்டி அசைந்தால், அந்த இடம் பிடிக்காது என்று பொருள். பழைய துளையில் புதிய ஆணி அடிப்பதால் பயனில்லை. துளையைத் தார் கொண்டு அடைத்துவிட்டு, சற்றுத் தள்ளி, தகர மடிப்பின் மேட்டில், அகன்ற றப்பர் வாசருடன் கூடிய திருகாணியைப் போட வேண்டும். ஓரங்களிலும் முகட்டிலும் மற்ற இடங்களில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு நெருக்கமாகப் போடுங்கள். தகரத்தைத் தாங்கும் மரச் சிலாகையே உக்கியிருந்தால் எந்த ஆணியும் நிற்காது. முதலில் அதை மாற்றுங்கள்.

தகரம் சிலாகையைப் பிடித்திருந்தால் மட்டும் போதாது. சிலாகை கைமரத்தையும், கைமரம் சுவரின் மேலுள்ள வளையையும், வளை சுவரையும் பிடித்திருக்க வேண்டும். இந்தத் தொடரில் ஓரிடம் விட்டாலும் கூரை முழுதாக எழும்பிவிடும். மீள்குடியேற்றத்தின் பின் கட்டிய பல வீடுகளில் பார்க்கக்கூடிய குறை, வளை சுவரின் மேல் வெறுமனே கிடப்பதுதான். சுவர் உச்சியில் போட்ட கொங்கிறீற்றில் பதித்த கம்பி வளையைச் சுற்றி வளைக்கப்பட்டிருக்கிறதா என்று உள்ளிருந்து பார்க்கலாம். இல்லையென்றால், இரும்புப் பட்டியை வளையின் மேலாக வளைத்து இரு முனையையும் சுவரில் துளையிட்டுப் போல்ற் போட்டு இறுக்கச் சொல்லி மேசனிடமோ ஓடாவியிடமோ கேளுங்கள்.

ஓட்டுக் கூரையில் முகட்டு ஓட்டின் சாந்து வெடித்திருந்தால் புதிதாகப் பூசுங்கள். தாழ்வாரத்தின் கடைசி வரிசை ஓடுகளைக் கம்பியால் சிலாகையுடன் கட்டுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற்றின் மேல் நேரடியாகக் கால் வைக்க வேண்டாம். குறுக்கே பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள். அதை வெட்ட நேர்ந்தால் நனைத்துவிட்டு வெட்டுங்கள், ஏனெனில் தூசு நுரையீரலுக்குக் கேடு.

கிடுகு அல்லது ஓலைக் கொட்டில்களுக்கு மேலே கயிறோ பழைய மீன்வலையோ போர்த்தி, நிலத்தில் சாய்வாக அடித்த ஆழமான முளைகளில் கட்டுவது நல்ல முறை. ஆனாலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: சூறாவளி எனப்படுவது மணிக்கு 62 கிலோமீற்றர் வேகத்தில்தான் தொடங்குகிறது; கடும் சூறாவளி 89 கிலோமீற்றரில் தொடங்குகிறது. அந்தக் காற்றில் ஆள் தங்குவதற்குரிய இடம் கொட்டில் அல்ல. அதைக் கட்டுவது பொருட்களைக் காக்கவே. உங்களுடைய வீடு அதுவானால், எந்த அயலவரின் கல்வீட்டுக்குப் போவது என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியடையாதீர்கள். வாடையாக (வடக்கிலிருந்து) தொடங்கும் காற்று, சூறாவளியின் மையம் உங்களுக்குத் தெற்கே போனால் கொண்டலாக (கிழக்கிலிருந்து) திரும்பும். வடக்கே போனால் கச்சானாகி (மேற்கிலிருந்து வீசி), பிறகு சோளகமாக முடியும்.

மரங்களைப் பொறுத்தவரை, வீட்டின் மேல் நீளும் கொப்புகளைக் காய்ந்த நாட்களில் தறித்துவிடுங்கள். முருங்கை எளிதில் முறியும். தென்னையில் காய்ந்த மட்டைகளையும் முற்றிய குலைகளையும் இறக்கிவிடுங்கள். மின்கம்பியைத் தொடும் கொப்பில் நீங்கள் கை வைக்கக் கூடாது. மின்சார சபையின் 1987 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

மூன்றாவது படி: கையில் எடுப்பதும் வீட்டில் வைப்பதும்

இடம்பெயர்ந்து பழகிய சனங்களுக்குப் பை கட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழக்கம் பெரியவர்களிடம்தான் இருக்கிறது; பிள்ளைகளுக்கு எந்தப் பை எங்கே இருக்கிறது என்று காட்டியிருக்க வேண்டும்.

கையில் எடுக்கும் பையில் காணி உறுதி அல்லது காணி அனுமதிப்பத்திரம், அடையாள அட்டைகள், பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், அஸ்வெசும எனும் அரச நலன்புரிக் கொடுப்பனவு தொடர்பான ஆவணங்கள், நகை அடைவு வைத்த துண்டு, கிளினிக் கொப்பி ஆகியவை இருக்கட்டும். இவற்றை இரண்டு பொலித்தீன் உறைகளில் ஒன்றுக்குள் ஒன்றாக இட்டு, வாயை மடித்து றப்பர் வளையம் போடுங்கள். ஒவ்வொன்றையும் தொலைபேசியில் படம் எடுத்து, வேறு மாவட்டத்திலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். வன்னியில் பலர் ஒருமுறை ஆவணங்களை இழந்து, அவற்றின் பிரதிகளைப் பெறக் கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள். இதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அதே பையில் இரண்டு வாரத்துக்கான நாளாந்த மருந்துகள், ரோச் லைற், பற்றரிகள், மின்னேற்றிய பவர் பாங்க், சிறு தாள்களாக மாற்றிய பணம், குழந்தைக்கு வேண்டியவை, பெண்களுக்கான சுகாதாரத் துணிகள், ஒரு சாரம், ஒரு போர்வை. இன்சுலின் போடுபவர் மின்சாரம் நின்றால் அதை ஈரத்துணி சுற்றிய மண் சட்டிக்குள், மருந்து நனையாமல் உறையிட்டு வைக்கலாம். பிரசவ நாள் நெருங்கிய பெண்கள், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள் ஆகியோர் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி நேரத்தில் ஓடக் கூடாது. எச்சரிக்கை வந்தவுடனேயே ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

வீட்டில் இருந்தே சமாளிப்பதற்கு, ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 4 லீற்றர் என்று கணக்கிட்டு ஒரு வாரத்துக்கான நீரை மூடியுள்ள கலன்களில் நிரப்புங்கள். ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு இது 140 லீற்றர். வெள்ளம் வந்தால் முதலில் கெடுவது கிணறுதான் என்பதால் இந்த அளவில் சிக்கனம் வேண்டாம். உணவுக்கு அரிசி, பருப்பு, சீனி, தேயிலை என்பன வழமையானவை. அவற்றுடன் அடுப்பு மூட்டாமலே உண்ணக்கூடிய புழுக்கொடியல், பனங்கட்டி, பிஸ்கட், வறுத்த அரிசிமா ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். மூன்று நாள் விறகைக் குசினிக்குள், நிலத்திலிருந்து உயர்த்தி அடுக்குங்கள். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

நான்காவது படி: ஆடு, மாடு, நெல், பொறிகள்

மாண்டஸ் காலத்தில் செத்த மாடுகளில் பெரும்பாலானவை நீரில் மூழ்கியவை அல்ல. ஒதுங்க இடமின்றி இரவு முழுதும் மழையிலும் காற்றிலும் நின்று உடற்சூடு இழந்தவை. மெலிந்தவையும் கன்றுகளும் முதலில் விழும். பட்டி மாடுகளை வைத்திருப்பவர்கள் மார்கழிக்கு முன்பே மேட்டில் ஓரிடம் தெரிந்து, வாடைப் பக்கமாவது ஓலையாலோ படங்காலோ ஒரு மறைப்புக் கட்டி, வைக்கோலைப் படங்குக்கு அடியில் சேமிக்க வேண்டும். கூரை போட வசதி இல்லாவிட்டாலும் காற்றைத் தடுக்கும் மறைப்பு ஒன்று பல உயிர்களைக் காக்கும். குளிர் வரும் நாட்களில் வைக்கோலைக் கூடுதலாகக் கொடுங்கள். அசைபோடும் மாட்டுக்குத் தீனி செரிக்கும்போதே உடற்சூடு பிறக்கிறது. வெள்ளம் ஏறும்போது கட்டிய மாட்டை அவிழ்த்துவிடுங்கள். கட்டுக்கயிற்றோடு மூழ்கும் மாட்டைவிடக் காட்டுக்குள் தொலைந்த மாட்டைத் தேடிப் பிடிப்பது இலகு. காதுத்தோடு அல்லது குறி உள்ளதா என்று முன்கூட்டியே பார்த்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விதைநெல்லையும் பசளையையும் முன்னர் வெள்ளம் வந்த மட்டத்துக்கு மேலாகப் பரண் போட்டு அடுக்குங்கள். அந்த மட்டத்தின் கறை பல வீடுகளின் சுவரிலேயே தெரியும். நீர் இறைக்கும் இயந்திரத்தை வயற்கிணற்றிலிருந்து கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கடற்றொழிலாளர்கள் படகுகளை வாடிக்கு அப்பால், அலை எட்டாத உயரத்துக்கு ஏற்றி, இயந்திரத்தைக் கழற்றி, வலைகளை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். தடை அறிவிக்கப்பட்ட நாளில் "ஒரு பாடு போட்டுவிட்டு வருவோம்" என்று யாரும் இறங்கக் கூடாது.

ஐந்தாவது படி: எச்சரிக்கை வந்த பின்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் தாழமுக்கம், ஆழ்ந்த தாழமுக்கம், சூறாவளி என்ற சொற்கள் வளர்ச்சியின் வரிசையைக் குறிக்கின்றன. தாழமுக்கம் என்ற சொல் வந்தவுடனேயே தண்ணீர்க் கலன்களை நிரப்பி, தொலைபேசிகளுக்கு மின்னேற்றி, வாகனத்துக்கு எரிபொருள் அடித்துவிடுங்கள். குளத்து மட்டமும் வான்கதவு திறக்கும் நேரமும் நீர்ப்பாசனத் திணைக்களத்திலிருந்து கிராம அலுவலர் வழியாக வரும். வட்ஸ்அப்பில் பெயரில்லாமல் சுற்றும் "குளம் உடைக்கப் போகிறது" என்ற குரற்பதிவை யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஐயம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். நோயாளி வண்டிக்கு 1990, பொலிசுக்கு 119.

வெளியேறச் சொன்னால் பகலில் வெளியேறுங்கள். புறப்படும் முன் மெயின் சுவிட்சை நிறுத்தி, காஸ் சிலிண்டரின் வாயை மூடுங்கள். ஓடும் நீர் மேலால் போகும் பாலத்தை உழவு இயந்திரத்தில் கடக்கலாம் என்ற துணிவு இங்கே பரவலாக இருக்கிறது. 2024 நவம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தின் காரைதீவில், மதரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்று பல பிள்ளைகளின் உயிரைப் பறித்தது. அந்த இயந்திரத்தின் பாரம் அவர்களைக் காக்கவில்லை.

காற்று அடிக்கும்போது கதவு யன்னல் எல்லாவற்றையும் பூட்டி, கூரையில் இருந்து விழுவது எட்டாத உள் அறையில் இருங்கள். எதிர்ப்பக்க யன்னலைத் திறந்துவிட்டால் கூரை தப்பும் என்று சிலர் சொல்வது பிழை. உள்ளே புகும் காற்றுத்தான் கூரையை மேலே தள்ளும். காற்றுத் திடீரென நின்றால் முடிந்துவிட்டது என எண்ணி வெளியே இறங்காதீர்கள். அது மையம் கடக்கும் நேரமாக இருக்கலாம், அப்படியானால் சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் மீண்டும் அடிக்கும்.

ஆறாவது படி: வெள்ளம் வடிந்த பின்

வன்னியில் இந்தப் படிக்கு வேறு பல இடங்களில் இல்லாத ஓர் ஆபத்து உண்டு. கண்ணிவெடி அகற்றும் பணி நீண்டகாலம் நடந்திருந்தாலும், வெள்ளம் மண்ணை அரித்து, புதைந்த வெடிபொருட்களை வெளியே கொண்டுவரவும் துப்புரவாக்கிய நிலத்துக்குள் இழுத்து வரவும் கூடும். அரித்த வரம்பு, வாய்க்கால், காட்டோரம் ஆகிய இடங்களில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். தெரியாத இரும்புப் பொருள் எதையும் தொடாமலும் கல்லெறியாமலும், வந்த அடியிலேயே திரும்பி, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பழைய இரும்பு பொறுக்குபவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்லுங்கள். காட்டுப் பன்றியைத் தடுக்க இழுத்த மின்கம்பி நீருக்குள் கிடக்கலாம் என்பதால், மின்சாரம் திரும்பிய பின் பிறர் வயலுக்குள் குறுக்கே நடக்க வேண்டாம்.

பாம்புகளும் மேடு தேடி வீட்டுக்குள் வரும். புடையன் வைக்கோலுக்குள்ளும் விறகுக்குள்ளும் பதுங்கும். எட்டடி விரியன் இரவில் நிலத்தில் படுப்பவரைக் கடிக்கும், அந்தக் கடி வலியே இல்லாமல் இருக்கவும் கூடும். கட்டிலில், நுளம்புவலை செருகிப் படுங்கள். கடித்தால் வெட்டாமல், இறுக்கிக் கட்டாமல், ஆளை நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றை உடனே ஒரேயடியாக இறைக்க வேண்டாம். சுற்றுமண் ஊறியிருக்கும்போது நீர் திடீரெனக் குறைந்தால் கிணற்றுக் கட்டு உள்ளே சரியக்கூடும். வெளியே நீர்மட்டம் தணிந்த பின் படிப்படியாக இறையுங்கள். எண்ணெயில் ஓடும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கினால் அதன் புகை உள்ளே நிற்பவரைக் கொன்றுவிடும். இறைத்து முடித்த பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு குளோரின் இடுங்கள். அவர் சொல்லும்வரை கொதித்தாறிய நீரையே குடியுங்கள். சேற்று வயலில் இறங்குவோர் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மருந்தையும் அவரிடமே கேட்டுப் பெறலாம். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வயலில் இறங்கிய விடயத்தை வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

துப்புரவு செய்யத் தொடங்கும் முன், சேதத்தைத் திகதி தெரியும்படி படம் எடுங்கள்: சுவரில் நீர் நின்ற கறை, விழுந்த கூரை, மூழ்கிய வயல், இறந்த மாட்டின் காதுத்தோடு. வீட்டுச் சேதத்தைக் கிராம அலுவலரிடமும், பயிர் அழிவைக் கமநல சேவை நிலையத்திலும், கால்நடை இழப்பை அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்திலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஓரிடத்தில் சொன்னது மற்ற இடத்துக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தின் பிரதியிலும் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் திகதியும் வாங்கி, ஆவணப் பைக்குள் வையுங்கள்.